தவறான விடைக்குள்ளும் ஒரு கணக்கு இருக்கிறது

காலாண்டுத் தேர்வு முடிந்து, திருத்திய விடைத்தாள்கள் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்த சமயம் என்பதால், இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பிள்ளைகள் எழுதிய தவறான விடைகளைப் பற்றியே பேசுகின்றன. அவற்றுக்கு மட்டுமே இங்கே பதில் எழுதுகிறேன். மற்றவை அடுத்த இதழுக்குக் காத்திருக்கட்டும்.

என் மகன் நான்காம் வகுப்பில் படிக்கிறான். 52-இலிருந்து 17-ஐக் கழிக்கச் சொன்னதற்கு 45 என்று எழுதியிருக்கிறான். ஆசிரியர் அதைச் சிவப்பு மையில் அடித்துவிட்டு, 'கவனம் இல்லை' என்று குறிப்பு எழுதி அனுப்பியிருக்கிறார். வீட்டில் எத்தனை முறை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தாலும் மறுபடியும் இதேபோலத்தான் போடுகிறான். அவனுக்குக் கவனம் வர என்ன செய்யலாம்?
— ஒரு தாய், காட்பாடி

உங்கள் மகன் கவனமாகத்தான் இருக்கிறான் என்று நினைக்கிறேன். கவனம் இல்லாத பிள்ளை ஒரு நாள் 34 என்றும் மறுநாள் 36 என்றும் எழுதும். எப்போது கேட்டாலும் 45 என்றே எழுதும் பிள்ளை ஏதோ ஒரு விதியை விடாமல் பின்பற்றுகிறது. அந்த விதி என்ன என்று பாருங்கள். ஒன்றாம் இடத்தில் 2-உம் 7-உம் இருக்கின்றன. 7-இலிருந்து 2-ஐக் கழித்து 5 என்று வைத்துக்கொண்டான். பத்தாம் இடத்தில் 5-இலிருந்து 1-ஐக் கழித்து 4 என்று எழுதினான். எது மேலே இருக்கிறது, எது கீழே இருக்கிறது என்று பார்க்காமல், ஒவ்வோர் இடத்திலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்கிறான்.

இதை அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்றால், ஆசிரியர்களாகிய நாங்கள்தான். 'பெரிய எண்ணிலிருந்துதான் சிறிய எண்ணைக் கழிக்க முடியும்' என்று தொடக்க வகுப்புகளில் சொல்லாத ஆசிரியர் யார்? 68-இலிருந்து 23-ஐக் கழிக்கும் வரையில் அந்த விதி அவனைக் கைவிடவில்லை; விடை சரியாகவே வந்தது, நட்சத்திரம்கூடப் போட்டிருப்பார்கள். கடன் வாங்கிக் கழிக்க வேண்டிய கணக்கு வந்த பிறகுதான் அது அவனைக் காட்டிக் கொடுத்தது. என் ஊகம் சரிதானா என்று தெரிந்துகொள்ள 90-இலிருந்து 34-ஐக் கழிக்கச் சொல்லுங்கள். 64 என்று எழுதினால் ஐயமே இல்லை.

பிறகு நோட்டை மூடிவிட்டு, ஐந்து பத்து ரூபாய்த் தாள்களையும் இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களையும் அவன் கையில் கொடுங்கள். நீங்கள் கடைக்காரர்; பதினேழு ரூபாயைச் சரியாக எண்ணிக் கொடுக்க வேண்டும் என்று கேளுங்கள். கையில் இருக்கும் இரண்டு நாணயத்தை வைத்து ஏழு ரூபாய் கொடுக்க முடியாது என்பதும், ஒரு தாளைச் சில்லறையாக மாற்றினால்தான் முடியும் என்பதும் அவனுக்குத் தானாகவே தெரியும். மாற்றிய பிறகு நான்கு தாளும் பன்னிரண்டு நாணயமும் இருக்கும். அதையே நோட்டில் எழுதச் சொல்லுங்கள். ஒரு நாளில் வந்துவிடாது, ஆனால் வரும். இதை அவனுடைய ஆசிரியரிடம் புகாராகக் கொண்டு போக வேண்டாம். 'இவன் ஒவ்வொரு முறையும் இப்படித்தான் போடுகிறான், பாருங்கள் ஐயா' என்று நோட்டைக் காட்டினால் போதும். ஒரு மணி நேரத்துக்குள் நாற்பது நோட்டைத் திருத்துகிறவர் கண்ணில் ஒரு பிள்ளையின் மூன்று கணக்குகள் சேர்ந்து படுவது அரிது; வீட்டில் இருக்கும் உங்களுக்குத்தான் அவை சேர்ந்து தெரிகின்றன.

சிவப்பு மையில் திருத்தினால் பிள்ளைகளின் மனம் நோகும் என்கிறார்களே, பச்சை மைக்கு மாறிவிடலாமா?
— ஓர் ஆசிரியை, திருவலம்

மாறுங்கள், தடையில்லை. ஆனால் பெருக்கல் குறியைப் பச்சையில் போட்டாலும் அது பெருக்கல் குறிதான். அதன் பக்கத்தில் ஒரு வரி எழுதுகிறீர்களா என்பதைத்தான் பிள்ளை பார்க்கும்.

பேரணாம்பட்டுப் பக்கம் ஒரு பள்ளியில் இந்த ஆண்டு சேர்ந்திருக்கிறேன். என் வகுப்பில் உருது பேசும் வீட்டுப் பிள்ளைகளும் தெலுங்கு பேசும் வீட்டுப் பிள்ளைகளும் நிறைய இருக்கிறார்கள். தமிழ்க் கட்டுரை நோட்டைத் திருத்தினால் பக்கம் முழுவதும் வட்டமாக இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது என்றே தெரியவில்லை.
— ஒரு புதிய ஆசிரியர்

வட்டம் போடுவதை ஒரு வாரம் நிறுத்திவிட்டு, பிழைகளைத் தனித்தாளில் இனம் இனமாக எழுதிப் பாருங்கள். பக்கம் முழுவதும் இருப்பதாகத் தோன்றும் பிழைகள் நான்கைந்து இனங்களுக்குள் அடங்கிவிடுவதையும், ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு வீடு இருப்பதையும் பார்ப்பீர்கள்.

'அம்மா வந்தது' என்று ஒரு பிள்ளை எழுதுகிறது என்று வைத்துக்கொள்வோம். நம் பக்கத்துப் பேச்சில் 'அம்மா வந்துச்சு' என்பது எல்லா வீட்டிலும் கேட்கிற வழக்கு என்பது ஒரு காரணம். தெலுங்கு வீட்டுப் பிள்ளைக்கு இன்னொரு காரணமும் உண்டு. தெலுங்கில் பெண் ஒருத்தி வந்தாலும் மாடு வந்தாலும் வினைமுற்று ஒன்றேதான். ஆண் வந்தால் மட்டுமே அது மாறும். ஆகவே அந்தப் பிள்ளை மரியாதைக் குறைவாக எழுதவில்லை, தன் வீட்டு இலக்கணத்தை அட்சரம் பிசகாமல் எழுதியிருக்கிறது. அதனிடம் 'அம்மாவை இப்படியா எழுதுவாய்?' என்று கேட்டால் அவமானப்படுமே தவிர, 'வந்தாள்' என்பதோ 'வந்தார்' என்பதோ எப்போது வரும் என்று கற்றுக்கொள்ளாது.

உருது வீட்டுப் பிள்ளையின் இடைஞ்சல் வேறு. மதரசாவிலோ வீட்டிலோ உருது எழுத்துகளைக் கற்ற பிள்ளைக்கு, 'கடல்' என்பதில் வரும் ஒலிக்கு ஓர் எழுத்து, 'தங்கம்' என்பதில் வரும் ஒலிக்கு வேறோர் எழுத்து என்பது இயல்பு. நாமோ இரண்டுக்கும் ஒரே 'க' எழுதிவிட்டு, பகல் என்பதில் அதை மூன்றாவது விதமாகவும் ஒலிக்கிறோம். தமிழ் வீட்டில் பிறந்த பிள்ளைக்குக் காது வழியாக வந்து சேர்ந்த இந்த இடவேறுபாட்டை, எழுத்து வழியாக வரும் பிள்ளைக்கு நாம்தான் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லின் முதலில் எப்படி, மெல்லின மெய்க்குப் பின்னால் எப்படி, இரு உயிர்களுக்கு நடுவில் எப்படி என்று மூன்று சொற்களை வைத்துப் பத்து நிமிடத்தில் சொல்லிவிடலாம்.

ர, ற மயக்கமும் ல, ள, ழ மயக்கமும் எல்லா வீட்டுக்கும் பொது. அதைச் சிறுபான்மைப் பிள்ளைகள் தலையில் கட்ட வேண்டாம். வேலூர்க் கடைப் பலகைகளை நாலு நாள் படித்துப் பார்த்தால் பெரியவர்களின் நிலைமையும் தெரிந்துவிடும். ஒரு மாதத்துக்கு ஓர் இனத்தை மட்டும் எடுத்துக்கொண்டு திருத்துங்கள். மற்றவை கண்ணில் பட்டாலும் கை நீளாமல் இருக்க வேண்டும். கட்டுரை நோட்டைத் திருத்தும்போது எனக்குக் கடினமாக இருப்பது இதுதான்.

'அடியாத மாடு படியாது' என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள், நாங்களும் படித்தோம். இப்போது கை வைக்கக் கூடாது என்கிறீர்கள். தப்பு செய்கிற பிள்ளை பயமில்லாமல் எப்படித் திருந்தும்?
— ஒரு தாத்தா, அணைக்கட்டு

ஐயா, 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு பிள்ளையின் உடலையும் மனத்தையும் துன்புறுத்துவதைத் தடை செய்கிறது. சட்டத்தைத் தள்ளி வைத்துவிட்டுப் பார்த்தாலும், குறும்பு வேறு, தவறான விடை வேறு. தவறான விடைக்கு அடி வாங்கிய பிள்ளை மறுநாள் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்துச் சரியான விடையை எழுதிக்கொண்டு வரும். அதற்குப் பிறகு அதற்கு என்ன தெரியாது என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு வழியே இல்லாமல் போய்விடும். மாடு படிந்துவிட்டதாகத்தான் நீங்களும் நினைப்பீர்கள்.

அறிவியல் தேர்வில் 'நண்பகலில் சூரியன் தலைக்கு நேர் மேலே இருக்கும்' என்றும், 'கோடையில் பூமி சூரியனுக்கு அருகில் வருவதால் வெயில் அதிகம்' என்றும் எழுதினேன். இரண்டும் தவறு என்று சொல்லிவிட்டார்கள். வேலூர் வெயிலில் நிற்கிறவனுக்குத் தெரியாதா?
— எட்டாம் வகுப்பு மாணவன், வேலூர்

தம்பி, உன் கேள்வியின் கடைசி வரியைப் படித்து நன்றாகச் சிரித்தேன். இந்த ஊர் மே மாத வெயிலில் நின்றவர்கள் யாராக இருந்தாலும் நீ எழுதியதைத்தான் எழுதுவார்கள். அடுப்பின் அருகில் போனால் சூடு அதிகம் என்பது உன் அனுபவம். அதை வானத்துக்கும் பொருத்தியிருக்கிறாய். யோசனை தவறில்லை, சரிபார்க்காமல் விட்டதுதான் குறை.

பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது சனவரி முதல் வாரத்தில், அதாவது நீ போர்வைக்குள் சுருண்டிருக்கும் மார்கழியில். அப்போது தூரம் ஏறத்தாழ 14.7 கோடி கிலோமீட்டர். மிகத் தொலைவில் இருப்பது சூலை முதல் வாரத்தில், ஏறத்தாழ 15.2 கோடி. வெயிலைத் தீர்மானிப்பது முக்கியமாக இந்த வேறுபாடு அன்று; பூமியின் அச்சு 23½ பாகை சாய்ந்திருப்பதால், கதிர்கள் நம் மேல் எவ்வளவு நேராக விழுகின்றன, பகல் எவ்வளவு நீளம் என்பவைதான். நீ சொல்வது உண்மை என்றால், நமக்குக் கோடையாக இருக்கும்போது ஆத்திரேலியாவிலும் கோடையாக இருக்க வேண்டும். அங்கே சனவரியில் அல்லவா கோடை?

முதல் விடைக்கு வருகிறேன். ஒரு மீட்டர் நீளக் குச்சியைப் பள்ளி மைதானத்தில் நேராக நட்டு, பன்னிரண்டு மணியைக் கடந்து ஏறத்தாழ கால் மணி நேரத்துக்குள் அதன் நிழலை அள. நம் ஊர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 12.9 பாகையில் இருக்கிறது. ஆகவே திசம்பர் இருபதுகளில் அந்த நேரத்து நிழல் வடக்கு நோக்கி முக்கால் மீட்டருக்குச் சற்றுக் குறைவாக விழும். நாளாக ஆகக் குறுகிக்கொண்டே வந்து, ஏப்ரல் 24-ஐ ஒட்டி ஒரு நாள் நிழலே இல்லாமல் போகும். அதற்குப் பிறகு நடப்பதுதான் வேடிக்கை: உச்சிவேளை நிழல் தெற்குப் பக்கம் விழத் தொடங்கும். சூன் இருபதுகளில் அது இருபது சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். பிறகு திரும்பி வந்து ஆகத்து 18-ஐ ஒட்டி மறுபடியும் மறையும். ஆண்டில் இந்த இரண்டு வேளைகளில் மட்டுமே நீ எழுதிய விடை சரி.

ஏப்ரலில் தேர்வும் விடுமுறையும் குறுக்கே வரும். ஆகத்தில் பள்ளி நடக்கும், மேகம் மட்டும் விலகி நிற்க வேண்டும். அதுவரை பொறுக்க முடியாவிட்டால் விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீசுவரர் கோயிலுக்குப் போய், நிழலை வைத்து நேரம் பார்ப்பதற்காகக் கல்லில் செதுக்கியிருப்பதைப் பார்த்துவிட்டு வா. நிழல் ஒரே இடத்தில் நிற்காது என்பதை அறிந்தவர்கள் செய்த வேலை அது.

என் மகளுக்கு வேலூர்ப் புரட்சியைப் பற்றிய கேள்விக்கு மதிப்பெண்ணே இல்லை. கொழுப்புத் தடவிய தோட்டாதான் காரணம் என்று எழுதியிருக்கிறாள். கோட்டையைத் தினமும் கடந்து பள்ளிக்குப் போகிற பெண் இப்படி எழுதலாமா என்று வீட்டில் ஒரே சண்டை.
— ஒரு தந்தை, வேலூர்

சண்டையை நிறுத்துங்கள். அவள் 1857-ஐத் தூக்கி 1806-இல் வைத்துவிட்டாள், அவ்வளவுதான். வைத்த இடம் தவறு என்றாலும், சிப்பாய்களின் சமய உணர்வைப் புண்படுத்திய ஓர் ஆணைதான் நெருப்பு மூட்டியது என்ற சாரத்தை அவள் பிடித்திருக்கிறாள். வேலூரில் அந்த ஆணை தோட்டாவைப் பற்றியது அன்று. புதிய தலைப்பாகை, நெற்றிக் குறிகளுக்கும் தாடிக்கும் விதித்த தடை ஆகியவற்றைப் பற்றியது. கோட்டைக்குள் திப்பு சுல்தானின் பிள்ளைகள் காவலில் இருந்ததும், 1806 சூலை 10 விடியலுக்கு முன் தொடங்கியதை ஆர்க்காட்டிலிருந்து ஆங்கிலேயப் படை அதிகாரி கில்லெசுப்பி குதிரைப்படையோடு வந்து அன்றைக்கே அடக்கியதும் அவளுக்குத் தெரிந்திருந்தால் ஆண்டுகள் இவ்வளவு எளிதில் கலந்திருக்காது. கோட்டைக்கு அவளை அழைத்துக்கொண்டு போய், ஆர்க்காடு எந்தத் திசையில் இருக்கிறது, குதிரையில் வர எவ்வளவு நேரம் ஆகும் என்று கேளுங்கள். மதிப்பெண் கொடுக்காத ஆசிரியரைக் குறை சொல்ல மாட்டேன். நான் திருத்தியிருந்தால் அரை மதிப்பெண் கொடுத்திருப்பேன்.

தவறான விடை சொன்னாலாவது பரவாயில்லை. என் வகுப்பில் ஒரு மாணவி வாயே திறப்பதில்லை. எழுதச் சொன்னாலும் கேள்வியை மட்டும் அழகாக எழுதிவிட்டு விடையைக் காலியாக விடுகிறாள். அவள் வீட்டில் பீடி சுற்றுகிறார்கள்.
— ஓர் ஆசிரியை, குடியாத்தம்

நீங்கள் எழுதியிருக்கும் கடைசி வரியில்தான் வழி இருக்கிறது என்று தோன்றுகிறது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி பேசும் வீட்டில், இருபத்தைந்து இருபத்தைந்தாகக் கட்டு கட்டும் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து வளர்ந்த பெண்ணிடம் 'ஆயிரத்துக்கு எத்தனை கட்டு?' என்று கேட்டுப் பாருங்கள். நான் அறிந்த அப்படிப்பட்ட பிள்ளைகள் 'நாற்பது' என்று சொல்லிவிட்டு, இதையெல்லாம் ஒரு கேள்வி என்று கேட்கிறார்களே என்பதுபோலப் பார்ப்பார்கள். அதே பிள்ளைகள் கரும்பலகையில் 1000-ஐ 25-ஆல் வகுக்கச் சொன்னால் சுண்ணக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார்கள். தெரிந்த கணக்கும் எழுதுகிற கணக்கும் ஒன்றுதான் என்று அவர்களிடம் இதுவரை யாரும் சொல்லவில்லை. ஆனால் இந்தக் கேள்வியை வகுப்பு நடுவில் கேட்காதீர்கள்; வீட்டுத் தொழிலை நாலு பேர் முன்னால் சொல்ல எல்லாப் பிள்ளைக்கும் மனம் வராது.

வகுப்பில் வாய் திறக்க வைக்க எனக்குக் கைகொடுத்த ஒரு வழியைச் சொல்கிறேன். ஒரு தவறான விடையை நானே கரும்பலகையில் எழுதிவிட்டு, 'வேறொரு பள்ளிப் பிள்ளை இப்படிப் போட்டிருக்கிறது, ஏன் இப்படிப் போட்டிருக்கும்?' என்று கேட்பேன். 105 என்று எழுத வேண்டிய இடத்தில் 1005 என்று எழுதி வைத்தால் போதும். 'நூறை எழுதிவிட்டுப் பக்கத்தில் ஐந்தை எழுதிவிட்டது' என்று யாராவது ஒருவர் சொல்வார். பெரும்பாலும் அது கடைசி வரிசையிலிருந்து வரும். தன் விடையைச் சொல்ல அஞ்சுகிற பிள்ளைக்கு, ஊர் பேர் தெரியாத பிள்ளையின் விடையைப் பற்றிப் பேச அச்சம் இருக்காது.

நீங்கள் சொல்வதெல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது அம்மா. பத்தாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறவனுக்கு ஒவ்வொரு தவற்றின் காரணத்தையும் தேடிக்கொண்டிருக்க நேரம் ஏது?
— ஒரு கணித ஆசிரியர், இராணிப்பேட்டை

நேரம் இல்லை. சனவரிக்குப் பிறகு நானும் மாதிரி வினாத்தாள்தான். எல்லைக்கோட்டில் நிற்கிற பிள்ளையை 35-க்கு மேல் ஏற்றுவதுதான் அப்போது முதல் வேலை. அதை மறைத்துக்கொண்டு இங்கே பெரிய பேச்சுப் பேச எனக்கு விருப்பமில்லை.

ஆனால் பத்தாம் வகுப்பில் நம்மைப் படுத்துகிற தவறுகளில் பல ஆறாம் வகுப்பிலேயே உட்கார்ந்தவை. அந்த வகுப்புகளுக்கும் நீங்கள் போகிறீர்கள் என்றால், பாட வேளையின் முடிவில் ஒரே ஒரு கணக்கைத் துண்டுத் தாளில் போட்டுத் தரச் சொல்லுங்கள். மதிப்பெண் போட வேண்டாம். ஒரே விடை எழுதிய தாள்களை ஒன்றாக அடுக்குங்கள்; தேநீர் குடிக்கிற நேரத்தில் முடிந்துவிடும். ½-ஐயும் ⅓-ஐயும் கூட்டச் சொன்னால் சரியான விடையான ⅚ ஓர் அடுக்கு; ⅖ என்று எழுதியவை அதைவிட உயரமான அடுக்காக இருந்தாலும் இருக்கும். மேலே உள்ளதை மேலே உள்ளதோடும், கீழே உள்ளதைக் கீழே உள்ளதோடும் கூட்டியிருக்கிறார்கள்.

இதற்காக அவர்களைக் கோபித்துக்கொள்ளும் முன், நாம் விடைத்தாளின் முகப்பில் என்ன எழுதுகிறோம் என்று பாருங்கள். முதல் பகுதிக்கு 7/10, இரண்டாம் பகுதிக்கு 8/10, மொத்தம் 15/20. ஆண்டு முழுவதும் நம் கையெழுத்தோடு அவர்கள் பார்க்கிற கூட்டல் இதுதான். பத்துக்கு ஏழும் பத்துக்கு எட்டும் சேர்ந்தால் இருபதுக்குப் பதினைந்து என்று நாம் எழுதுவது மதிப்பெண்ணுக்குச் சரி. அரை ரொட்டியையும் கால் ரொட்டியையும் சேர்ப்பதற்கு அது பொருந்தாது. இந்த வேறுபாட்டை ஒரு வேளை செலவழித்து ஆறாம் வகுப்பில் பேசிவிட்டால், பத்தாம் வகுப்பில் உங்களுக்கு அந்த வேளை திரும்பக் கிடைக்கும்.

தசமத்தில் 0.3-ஐவிட 0.25 பெரியது என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். எங்கள் காலத்தில் இந்தக் குழப்பம் இல்லையே?
— ஒரு வாசகர், வாலாஜாபேட்டை

இருந்தது, பைசா அதை ஓரளவு மறைத்தது. கால் ரூபாய் 25 பைசா என்று கையில் வைத்துப் பார்த்தவர்கள் நாம். 25 பைசா நாணயம் 2011 சூன் 30-உடன் செல்லாமல் போனது; இப்போதைய பிள்ளைகளுக்கு 0.25 என்பது புள்ளிக்குப் பின்னால் நிற்கிற இருபத்தைந்து. 3-ஐவிட 25 பெரியது என்று சரியாகவே சொல்கிறார்கள். 0.3-ஐ 0.30 என்று எழுதச் சொல்லிப் பாருங்கள். அளவுகோலில் மில்லிமீட்டரைக் காட்டினால் இன்னும் நன்று.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்றவன். தவறான விடைக்கு 'எப்படிப் போட்டாய்?' என்று கேட்டால் பிள்ளை உடனே அழித்துவிடுகிறது. அந்தக் கேள்வியே 'நீ செய்தது தப்பு' என்று அதற்குக் கேட்கிறது. இதற்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள்?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், வாணியம்பாடி

ஐயா, சரியான விடைக்கும் அதே கேள்வியைக் கேட்கிறேன். முதலில் சில நாள் சரியான விடையையும் அழித்துவிடுவார்கள். பிறகு, இந்த அம்மா எதற்கும் இப்படித்தான் கேட்பார் என்று பழகிவிடும். இதில் எதிர்பாராமல் கிடைத்த பலன் ஒன்று உண்டு. 16/64-ஐச் சுருக்கச் சொன்னேன், ஒரு பையன் ¼ என்று எழுதினான். எப்படிப் போட்டாய் என்று கேட்டதும், மேலே இருக்கிற 6-ஐயும் கீழே இருக்கிற 6-ஐயும் அடித்துவிட்டதாகச் சொன்னான். விடை முற்றிலும் சரி. 19/95-ஐக் கொடுத்தாலும் 9-ஐ அடித்து ⅕ என்று சரியாகவே வரும். உங்கள் பேரப்பிள்ளை யாராவது அப்படிச் செய்தால் உடனே திருத்தாதீர்கள். 13/34-ஐக் கொடுத்து 3-ஐ அடிக்கவிட்டு, வந்த ¼-ஐ நான்கு முறை கூட்டினால் ஒன்று வருகிறதா, 13-ஐ நான்கு முறை கூட்டினால் 34 வருகிறதா என்று அவனையே பார்க்கச் சொல்லுங்கள்.